அப்பத்தாவின் கஷாயமும் அத்தையின் டிக் டிக் சத்தமும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆணி ஜாஸ்திங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம் தொண்டை. ஒரு வாரமா தொண்டைக்குள்ள யாரோ உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரி வலி. எச்சில் முழுங்கவே நல்ல நேரம் பார்க்க வேண்டியதாப் போச்சு. காலையில கிளையன்ட் கால்ல வாயைத் திறந்தேன். "உங்க மைக்ல ஏதோ பிரச்சினை"ன்னு அந்தப் பக்கம் இருந்தவர் மூணு தடவை சொல்லிட்டார். மைக் நல்லாத்தான் சார் இருக்கு, மைக்குக்கு முன்னாடி இருக்கறதுதான் ரிப்பேர் :-)

தொண்டை வலி வந்தவனுக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்லாத ஒரு விஷயம் அறிவுரை. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் "மிளகை வாயில போட்டு அடக்கிக்கங்க தம்பி"ன்னார். பக்கத்து சீட் தோழி அதிமதுரம்னு சொன்னாங்க. குடும்ப வாட்ஸப் குழுமத்துல சித்தப்பா ஒரு ஃபார்வர்டு அனுப்பினார். மஞ்சள், மிளகு, தேன் மூணையும் குழைச்சு சாப்பிட்டா "எந்தத் தொண்டை நோயும் மூன்றே நாளில் ஓடிவிடும், ஆங்கில மருந்தே தேவையில்லை" அப்படின்னு. கடைசியில நம்ம டீம் லீடு, கைவைத்தியம்னாலே முகம் சுளிக்கிற ஆளு, தன்னோட டிராயரைத் திறந்து பாதி தீர்ந்த அஸித்ரோமைசின் அட்டையை எடுத்து நீட்டினார். "மூணு நாள் போடு மச்சி, கிளியர் ஆயிடும்."

ரெண்டு பேரும் சொன்னது மூணு நாள்தான், கவனிச்சீங்களா? இந்தப் பதிவே அந்த மூணு நாளைப் பத்தித்தான்.

முதல்லயே சொல்லிடறேன். நான் கைவைத்தியத்தைத் திட்டறதுக்காக இதை எழுதல. கஷாயம் குடிச்சு வளர்ந்த உடம்பு இது. எங்க அப்பத்தா வீட்டு அடுக்களையில அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல இன்னொரு தகர டப்பா இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு. கொல்லையில கற்பூரவள்ளியும் துளசியும். வேலியோரமா ஆடாதொடை. யாராவது ஒருத்தர் செருமினா போதும், அடுத்த அரை மணி நேரத்துல டம்ளர் நீளும். குடிக்கலைன்னா மூக்கைப் புடிச்சு ஊத்தும். "ஏப்பா ராசா, கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்கு"ன்னு சொல்லும். அந்த ஒரே மடக்கு எறங்கி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஏழு ஜென்மம் கடந்து போயிரும். அவ்வ்வ்வ்...

இது ஆயுர்வேதமா, சித்தமா, வெறும் பாட்டி வைத்தியமான்னு அப்பத்தாவைக் கேட்டா முழிக்கும். நிஜத்துல மூணுக்கும் நடுவுல வேலி கிடையாது. சரக சம்ஹிதையில தொண்டைக்கு இதமான பத்து மூலிகைகளை ஒரு தொகுப்பாவே சொல்லியிருக்கு. அதுல அதிமதுரம் உண்டு, திப்பிலி உண்டு, திராட்சை உண்டு, நம்ம கண்டங்கத்திரியும் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த கூட்டணியை அங்க 'திரிகடு'ம்பாங்க, இங்க 'திரிகடுகம்'. அந்தப் பேர்லயே நல்லாதனார் ஒரு நீதி நூல் எழுதி, அது பதினெண்கீழ்க்கணக்குல ஒண்ணா உட்கார்ந்திருக்கு. மருந்துப் பேரை நூலுக்கு வைக்கிற அளவுக்கு இது நம்ம வாழ்க்கையில ஊறின சமாச்சாரம்.

அப்போ இதெல்லாம் வேலை செய்யுமா செய்யாதா? இஞ்சினியர் புத்தி, சும்மா இருக்குமா. வலிச்ச தொண்டையோட ராத்திரி உட்கார்ந்து கொஞ்சம் தேடிப் படிச்சேன்.

உப்புத் தண்ணிக் கொப்பளிப்பு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு. வீங்கின இடத்துக்கு இதம், ஒட்டியிருக்கற சளியும் இளகும். எந்த மருத்துவமுறை டாக்டரும் இதுக்கு மறுப்பு சொல்றதில்ல. ஒரு சுவாரசியமான செய்தி, ஜப்பான்ல ஆரோக்கியமான 387 பேரை வச்சு ஒரு சோதனை நடத்தி 2005-ல வெளியிட்டாங்க. வெறும் தண்ணியில தினமும் கொப்பளிச்சவங்களுக்கு சளித் தொல்லை வந்தது குறைஞ்சது. அயோடின் மருந்து கலந்து கொப்பளிச்சவங்களுக்குச் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ஆக, கொப்பளிக்கறதுக்குக் காசே செலவு பண்ண வேண்டாம்.

அதிமதுரம். எனக்கு ஆச்சரியம் குடுத்தது இதுதான். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கும்போது மூச்சுக்குழாய்ல குழாய் போடுவாங்க இல்லையா, முழிச்சதும் தொண்டை எரியும். லக்னோவுல இருக்கற சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்துல 40 பேரை வச்சு, மயக்க மருந்துக்கு முன்னாடி அதிமதுரத் தண்ணியால கொப்பளிக்க வச்சுப் பார்த்தாங்க. 2009-ல கட்டுரை வந்தது. வலி குறைஞ்சது. வியன்னாவுல 236 பேர்கிட்ட இதே யோசனையைச் சோதிச்சு, 2013-ல அவங்களும் ஆமான்னாங்க. அப்பத்தாவுக்கு ஆஸ்திரியாவுல இருந்து சான்றிதழ்!

தேன். இருமலோட வர்ற சளிக்கு வழக்கமான மருந்துகளைவிடத் தேன் கொஞ்சம் மேல்னு 2020-ல ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள் ஏற்கெனவே வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொன்னாங்க.

ஆடாதொடை. இதுல இருக்கற வாசிசின்ங்கற பொருளை அடிப்படையா வச்சு உருவானதுதான் புரோம்ஹெக்சின். மெடிக்கல் ஷாப்புல வாங்கற இருமல் சிரப் லேபிள்ல அந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க. நம்ம வேலியோரத்துச் செடிதான் பாட்டிலுக்குள்ள கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்திருக்கு.

சுக்கு. இஞ்சி காயும்போது அதுல இருக்கற ஜிஞ்சரால், ஷோகாலா மாறுது. அதுக்குக் காரம் கூட. காரம் நாக்குல பட்டா எச்சில் ஊறும், தொண்டை நனையும், வறட்சி குறையும்.

இதுவரைக்கும் நம்ம கட்சி ஜெயிச்சாச்சு இல்லையா? விசில் அடிக்காதீங்க, இருங்க.

மேல சொன்ன எல்லாத்தையும் இன்னொரு தடவை படிங்க. இதம், வலி குறைவு, வறட்சி குறைவு, இருமல் குறைவு. 'தொற்றைக் கொன்னுச்சு'ன்னு எங்கயாவது வருதா? வராது. ஆய்வுக்கூடத்துல ஒரு தட்டுல கிருமியை வச்சு மஞ்சளை ஊத்தினா அது சாகலாம். தொண்டைக்குள்ள அதே அளவு, அவ்வளவு நேரம் மஞ்சள் நிக்காது. கஷாயம் வலிக்குத் துணை. அதுவே பெரிய விஷயம், அதைக் குறைச்சு சொல்லல. ஆனா ஃபார்வர்டுல வர்ற "எந்தத் தொண்டை நோயும்", "ஆங்கில மருந்தே தேவையில்லை" இந்த ரெண்டு வார்த்தைதான் ஆளைக் கவுக்கும்.

ஏன்னு சொல்றதுக்கு எங்க அத்தை கதையைச் சொல்லணும். அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "நாலு பேருக்கு உபயோகப்பட்டா எழுது மருமகனே"ன்னு சொல்லிட்டாங்க.

அப்பாவுக்கு ரெண்டு வயசு இளையவங்க அத்தை. 1977-ல அவங்களுக்கு ஒம்போது வயசு. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து "தொண்டை வலிக்குது"ன்னு படுத்தாங்களாம். நல்ல காய்ச்சல். இருமல் இல்ல, மூக்கு ஒழுகல. கழுத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருந்துச்சுன்னு அப்பத்தாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. கஷாயம் போட்டுக் குடுத்திருக்கு. சுண்ணாம்பும் தேனும் குழைச்சு தொண்டையில பத்து போட்டிருக்கு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு, தொண்டை வலியும் போச்சு. புள்ள எந்திரிச்சு விளையாடப் போயிருச்சு. எல்லாருக்கும் சந்தோசம்.

இந்த இடத்தைக் குறிச்சு வச்சுக்கங்க. கஷாயம் 'கேட்டுச்சு'.

மூணு வாரம் கழிச்சு முழங்கால் வீங்கி இருக்கு. அது சரியாகி, கணுக்கால். அப்புறம் மணிக்கட்டு. "வளர்ற வயசு, வாயு"ன்னு நல்லெண்ணெய் தேய்ச்சு விட்டாங்க. அதுவும் சில வாரத்துல தானாப் போயிருச்சு. அதோட எல்லாரும் மறந்துட்டாங்க.

1991-ல அத்தை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தப்ப ராத்திரி படுக்க முடியல, மூச்சு வாங்குது. உட்கார்ந்தேதான் தூக்கம். மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நெஞ்சுல குழாயை வச்சுக் கேட்ட டாக்டர், எடுத்த எடுப்புல அப்பத்தாகிட்ட கேட்ட கேள்வி: "சின்ன வயசுல இந்தப் பொண்ணுக்குத் தொண்டை வலியோட காய்ச்சல் வந்து, அப்புறம் மூட்டு வீங்கிச்சாம்மா?"

அப்பத்தா அங்கயே தரையில உட்கார்ந்துருச்சாம்.

விஷயம் இதுதான். தொண்டை வலியில பெரும்பாலானது வைரஸ். அதுக்குக் கஷாயமோ மாத்திரையோ எது குடிச்சாலும் குடிக்கலைன்னாலும் தானாப் போகும். ஆனா குழந்தைங்களுக்கு வர்ற தொண்டை வலியில பத்துக்கு ரெண்டு மூணு, பெரியவங்களுக்குப் பத்துக்கு ஒண்ணு, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கற பாக்டீரியாவால வர்றது. அந்தத் தொண்டை வலியும் பெரும்பாலும் சில நாள்ல தானாப் போயிரும். பிரச்சினையே அங்கதான். வலி போனதும் கதை முடிஞ்சதுன்னு நாம நினைக்கிறோம். உடம்போட எதிர்ப்பு சக்தி அந்தக் கிருமியை அடிக்கக் கத்துக்கிட்டு, ரெண்டு மூணு வாரம் கழிச்சு, கிருமி சாயல்ல இருக்கற நம்ம சொந்த மூட்டையும் இதய வால்வையும் அடிக்க ஆரம்பிக்கும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. முக்கியமா அஞ்சுல இருந்து பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு. அதுக்குப் பேர் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு சரியாயிரும். வால்வு சரியாகாம தழும்பாகிச் சுருங்கறதும் உண்டு. அது வெளிய தெரிய இருபது வருசம்கூட ஆகலாம்.

நம்ம பாஷையில சொன்னா, ஸ்க்ரீன்ல வர்ற எர்ரர் மெசேஜ் நின்னு போச்சு, நாம டிக்கெட்டைக் குளோஸ் பண்ணிட்டோம். பின்னாடி டேட்டாபேஸ் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுக்கிட்டு இருக்கு. புரொடக்‌ஷன்ல போய் வெடிக்கும்போதுதான் தெரியும்.

1977-ஆ அந்த டாக்டர் சொன்ன தொண்டை வலிதான் காரணம்னு இன்னிக்கு யாராலும் சத்தியம் பண்ண முடியாது. நடுவுல வேற தடவையும் வந்திருக்கலாம். ஆனா வழி அதுதான். ஸ்ட்ரெப் தொண்டை வலி ஆரம்பிச்ச ஒம்போது நாளுக்குள்ள பென்சிலின் ஆரம்பிச்சாக்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஒம்போது நாள்! அவ்வளவு நேரம் குடுக்கற வியாதி எத்தனை இருக்கு? இன்னொண்ணு, இத்தனை வருசமாகியும் இந்தக் கிருமி பென்சிலினுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கல. பழைய, மலிவான மருந்து. அப்பவும் உலகத்துல நாலு கோடிப் பேருக்கு மேல இந்த வால்வு நோயோட வாழறாங்க. 2018-ல உலக சுகாதாரப் பேரவை இதுக்குன்னே ஒரு தீர்மானம் போட்டுச்சு. இது பெரும்பாலும் நம்மள மாதிரி நாடுகளோட ஏழை வீடுகளுக்குள்ள இருக்கற நோய்.

அத்தைக்கு முதல்ல பலூன் வச்சு வால்வை விரிச்சாங்க. அதுக்கப்புறம் வருசக்கணக்கா 21 நாளுக்கு ஒரு தடவை இடுப்புல பென்சிலின் ஊசி. போட்ட அன்னிக்கு நொண்டி நொண்டித்தான் நடப்பாங்க. 2008-ல உலோக வால்வு. நான் பத்துப் பதினோரு வயசுப் பையன். ராத்திரி அமைதியா இருக்கும்போது அத்தை பக்கத்துல படுத்தா 'டிக் டிக்'னு கேட்கும். "அத்தை, நீங்க கடிகாரம் முழுங்கிட்டீங்களா?"ன்னு கேட்டேன். "ஆமா மருமகனே, சாவி குடுக்காமலே ஓடுற கடிகாரம்"னு சிரிச்சாங்க. இப்ப எழுதும்போது தொண்டை அடைக்குது, இது வேற மாதிரி.

இன்னொரு கொடுமை கேளுங்க. அந்த வால்வுல ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை. மாசம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. கீரைகூட ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லைன்னு சாப்பிடக் கூடாது, அளவு சீரா இருக்கணும். மூலிகைகள்ல பலது அந்த மாத்திரையோட மோதும்கறதால டாக்டர் கஷாயம் கூடாதுன்னுட்டார். ஆக அந்த வீட்டுல யாருக்குச் சளி புடிச்சாலும் டம்ளர் நீளும், அத்தைக்கு மட்டும் வெறும் வெந்நீர். டம்ளரை எல்லாருக்கும் குடுத்துட்டு அத்தை முகத்தைப் பார்க்காமலே அப்பத்தா அடுக்களைக்குள்ள போயிரும். நான் சின்ன வயசுல அதைக் கவனிச்சதில்ல. இப்பத்தான் புரியுது.

இதுல அப்பத்தாவைக் குத்தம் சொல்ல முடியுமா? எங்க ஊருக்கு அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு பஸ். காய்ச்சல் விட்ட புள்ளையைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போன்னு யாரும் சொல்லல. தெரிஞ்சதை, கையில இருந்ததை, பாசத்தோட செஞ்சுச்சு. தெரியாம செஞ்சது வேற. இன்னிக்கு, தெருமுனையில கிளினிக், கையில போன், அதுல உலகத்து மருத்துவ அறிவு மொத்தமும் இருக்கும்போது, "டாக்டர்கிட்ட போகவே வேணாம், மஞ்சள் போதும்"னு ஃபார்வர்டு பண்றது வேற. ரெண்டாவதை மன்னிக்க எனக்கு மனசு வரல.

சரி, அப்ப டீம் லீடு பக்கம் சாய்ஞ்சிரலாமா? அங்கதான் ரெண்டாவது உள்குத்து. அவரோட அஸித்ரோமைசினும் அதே ஃபார்வர்டுதான், அட்டையில வந்த ஃபார்வர்டு. மருந்துச்சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மாத்திரை அது. வைரஸ் மேல அதுக்கு ஒரு வேலையும் இல்ல. பாக்டீரியாவா இருந்தாலும் ஸ்ட்ரெப்புக்கு முதல் மருந்து பென்சிலின் குடும்பம், மாத்திரையா இருந்தா பத்து நாள். அஸித்ரோமைசினை எதிர்க்கிற ஸ்ட்ரெப் ஏற்கெனவே ஊருக்குள்ள உலாத்துது. மருந்தே இல்லாம விட்டாலும் நூத்துக்கு எண்பது பேருக்கு மேல தொண்டை வலி ஒரு வாரத்துல போயிருதுன்னு பல சோதனைகளைத் தொகுத்துச் சொல்லியிருக்காங்க. அப்ப மூணாம் நாள் மாத்திரை போட்டவன் "மாத்திரை கேட்டுச்சு"ங்கறான். மூணாம் நாள் கஷாயம் குடிச்சவன் "கஷாயம் கேட்டுச்சு"ங்கறான். ரெண்டு பேரும் தானா விடியற பொழுதுக்குக் கூவின சேவல். சண்டை மட்டும் வருசம் பூரா ஓயாது.

என் கட்சி இதுதான்: அலோபதியா ஆயுர்வேதமாங்கறது தப்பான கேள்வி. 'இது எந்தத் தொண்டை வலி?'ங்கறதுதான் சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு அஞ்சறைப் பெட்டிகிட்டயும் பதில் கிடையாது, டிராயர்ல இருக்கற அட்டைகிட்டயும் கிடையாது.

1981-ல ராபர்ட் சென்டார்னு ஒரு அமெரிக்க டாக்டர் பெரியவங்களுக்காக நாலு கேள்வி வச்சார். 1998-ல மெக்ஐசக்ங்கறவர் வயசையும் சேர்த்தார். பார்த்ததும் எனக்கு நம்ம இஃப்-எல்ஸ் மாதிரியே தெரிஞ்சுது:

1. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேலயா? ஆமான்னா 1.
2. இருமல் இல்லையா? இல்லைன்னா 1. (இருமல், மூக்கு ஒழுகல், குரல் கம்மல் இருந்தா பெரும்பாலும் வைரஸ்.)
3. கழுத்து முன்பக்கம் நெறி கட்டி, தொட்டா வலிக்குதா? 1.
4. டான்சில் வீங்கியோ, மேல வெள்ளையா படிஞ்சோ இருக்கா? 1.
5. வயசு 3 முதல் 14-க்குள்ளயா? 1 கூட்டு. 45-க்கு மேலயா? 1 கழி.

மூணோ அதுக்கு மேலயோ வந்தா கஷாயத்தை அடுப்புல இருந்து இறக்கி வச்சுட்டு வண்டியை எடுங்க. அது ஸ்ட்ரெப்தான்னு அர்த்தம் இல்ல, முழு மார்க் வாங்கினவங்கள்லகூட சுமார் பாதிப் பேருக்குத்தான் அது இருக்கும். தொண்டையில பஞ்சு வச்சு எடுத்துப் பரிசோதிச்சு டாக்டர் முடிவு பண்ணட்டும். குழந்தைங்க விஷயத்துல மார்க் கம்மின்னு வீட்டுல வச்சுக்காதீங்க, காய்ச்சலோட தொண்டை வலின்னா காட்டிருங்க. பென்சிலின் குடுத்தா, வலி மூணாம் நாள் போனாலும் சொன்ன நாள் முழுக்கக் குடுங்க. 1977-ல எங்க அத்தைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காய்ச்சல், இருமல் இல்ல, நெறி, வயசு. யாரும் தொண்டையைத் திறந்து பார்க்காமலே நாலு.

மார்க் எல்லாம் போடாம உடனே ஓட வேண்டியதும் இருக்கு. மூச்சு விட சிரமம், எச்சில் முழுங்க முடியாம வடியுறது, வாயைத் திறக்க முடியாம இறுகுறது, ஒரு பக்கம் மட்டும் பெரிய வீக்கம், தொண்டையில சாம்பல் நிறத்துல ஆடை மாதிரி படலம் (தொண்டை அடைப்பான் இன்னும் நம்ம நாட்டை விட்டுப் போகல). குரல் கம்மல் மூணு வாரத்துக்கு மேல நீடிச்சாலும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கணும்.

கைவைத்தியத்துக்கும் ரெண்டு வரி எச்சரிக்கை. ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்குத் தேன் நாக்குல தடவக்கூடக் கூடாது, பொட்டுலிசம்னு ஒரு ஆபத்து இருக்கு. அதிமதுரத்தைத் தினமும் நிறைய சாப்பிட்டா ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், பிரஷர்காரங்க ஜாக்கிரதை. ஆடாதொடை கர்ப்பிணிகளுக்கு வேண்டாம், கருப்பையைச் சுருங்க வைக்கும். உள்நாக்கைத் தூக்கறேன்னு மிளகுத்தூள் தொட்ட விரலைக் குழந்தை தொண்டைக்குள்ள விடற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுருங்க. 'இயற்கை'ங்கறதால எதுவும் பாதுகாப்பாயிராது. அரளியும் இயற்கைதான்.

என் தொண்டை என்னாச்சுன்னு கேட்கறீங்களா? கணக்குப் போட்டேன். காய்ச்சல் இல்ல, இருமல் உண்டு, நெறி இல்ல. முட்டை மார்க்! டீம் லீடோட அட்டையை நன்றியோட திருப்பிக் குடுத்தேன். உப்புத் தண்ணி, அதிமதுரம், ராத்திரி மிளகும் பனங்கற்கண்டும் போட்ட மஞ்சள் பால். ஒரு வாரத்துல சரியாப் போச்சு. கஷாயத்தால இல்ல, தானா. ஆனா அந்த ஒரு வாரம் ராத்திரி தூங்க முடிஞ்சது, அது கஷாயத்தால. அதுக்கு மேல அது ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல.

போன வாரம் அப்பத்தாவுக்கு போன் போட்டேன். கரகரன்னு என் குரலைக் கேட்டதுமே பட்டியல் ஆரம்பிக்கும்னு நினைச்சேன். அது முதல்ல கேட்டது இது:

"காய்ச்சல் இருக்காப்பா?"

"இல்ல அப்பத்தா."

"கழுத்துல நெறி?"

"இல்ல."

"மூட்டு?"

"அதெல்லாம் நல்லாருக்கு அப்பத்தா."

கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம் பெருமூச்சு விட்டு, "சரி, அப்ப சுக்கைத் தட்டிப் போட்டுக் குடி"ன்னுச்சு.

எண்பது வயசு தாண்டின, எழுதப் படிக்கத் தெரியாத எங்க அப்பத்தா சென்டார் பேரைக் கேள்விப்பட்டதில்ல. ஆனா அந்தக் கேள்விகளை முதல்ல கேட்டுட்டுத்தான் இப்பல்லாம் சுக்கை எடுக்குது. அந்தப் பழக்கத்துக்குக் குடுத்த விலை எங்க வீட்டுல இன்னும் டிக் டிக்னு கேட்டுக்கிட்டு இருக்கு. அடுத்த தடவை ஃபார்வர்டு பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி, "காய்ச்சல் இருக்கா?"ங்கற ஒரு வரியையாவது மேல சேர்த்து அனுப்புங்க மக்களே.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்ல, ஆணி புடுங்கறவன். உங்க தொண்டையை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, என்கிட்ட காட்டாதீங்க :-)

டிஸ்கி 2: உங்க வீட்டுக் கஷாயத்துல என்னென்ன போடுவாங்கன்னு சொல்லிட்டுப் போங்க. கூடவே, எப்ப அதை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு உங்க பாட்டி சொன்னாங்கன்னும் எழுதுங்க. ரெண்டாவது பதில்தான் எனக்கு முக்கியம்.